கேபசிடபின் மாத்திரை: விழுங்கிய பிறகு உடம்புக்குள் என்ன நடக்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெருங்குடல், மார்பகம், இரைப்பைப் புற்றுநோய்களுக்கு வீட்டிலேயே போட்டுக்கொள்ளச் சொல்லித் தரப்படும் மாத்திரைகளில் அதிகம் புழங்குவது கேபசிடபின். ஜெலோடா என்பது இதன் முதல் பிராண்டு பெயர். இப்போது பல கம்பெனிகள் வேறு வேறு பெயரில் தயாரிக்கின்றன. ராயபுரம், தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, திருவொற்றியூர் பக்கம் இந்த மாத்திரையை எடுத்துக்கொள்கிறவர்களும் அவர்கள் வீட்டாரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறோம்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். நீங்கள் விழுங்கும்போது அது இன்னும் மருந்தாகவில்லை. உங்கள் உடம்புதான் அதைப் படிப்படியாக மருந்தாக்குகிறது. "சாப்பிட்டு அரை மணிக்குள் போடுங்க", "பன்னிரண்டு மணி நேரம் விடுங்க", "ஒரு வாரம் நிறுத்துங்க" என்று சீட்டில் எழுதியிருக்கும் ஒவ்வொன்றுக்கும் பின்னால் அப்படி ஒரு படி இருக்கிறது. அளவையும் நாட்களையும் உங்கள் மருத்துவர்தான் முடிவு செய்வார். அவர் சொன்னதற்குக் காரணம் என்ன என்பதைத்தான் நாங்கள் விளக்குகிறோம்.

மாத்திரையே மருந்து இல்லைன்னா, அப்போ மருந்து எது?

5-ஃப்ளூரோயுராசில். வார்டில் எல்லோரும் 5-எஃப்யூ என்பார்கள். 1957-இல் அமெரிக்காவில் சார்லஸ் ஹைடெல்பெர்கர் குழுவினர் அறிமுகப்படுத்திய மருந்து. இன்றும் ட்ரிப்ஸ் வழியாக ஏற்றப்படுகிறது. செல் இரண்டாகப் பிரிய டிஎன்ஏ வேண்டும். டிஎன்ஏ எழுதப்படும் நான்கு எழுத்துகளில் ஒன்று தைமின். அந்த எழுத்தைச் செய்து தரும் நொதியின் மேல் 5-எஃப்யூ போய் ஒட்டிக்கொண்டு வேலையை நிறுத்துகிறது. வேகமாகப் பிரியும் செல்லுக்குத்தான் அடி பலமாக விழும். புற்றுச்செல் சாவதும், வாயும் குடலும் புண்ணாவதும் இந்த ஒரே காரணத்தால்தான்.

5-எஃப்யூவையே மாத்திரையாகக் கொடுக்கக் கூடாதா என்று கேட்கலாம். கொடுத்துப் பார்த்தார்கள், சரிவரவில்லை. அதை உடைக்கும் டிபிடி என்ற நொதி குடல் சுவரிலும் ஈரலிலும் நிறைய இருக்கிறது. வாயில் போட்ட 5-எஃப்யூ ரத்தத்துக்குப் போகும் வழியிலேயே உடைந்துவிடும். ஒருவருக்குப் பாதி ஏறும், இன்னொருவருக்கு ஏறவே ஏறாது. அடுத்ததாக, குடலைத் தாண்டிய பிறகு 5-எஃப்யூவாக மாறட்டும் என்று டாக்ஸிஃப்ளூரிடின் என்ற மருந்தைச் செய்தார்கள். அது குடல் சுவரிலேயே 5-எஃப்யூவாக மாறத் தொடங்கியதால் பேதி பெரிய தொல்லையாகிப் போனது. அந்தத் தவறிலிருந்து பிறந்ததுதான் கேபசிடபின். குடலில் எந்த மாற்றமும் இல்லாமல் கடந்து, ஈரலுக்குப் போன பிறகே முதல் வெட்டு விழும்படி அதை வடிவமைத்தார்கள். 1998-இல் அமெரிக்காவில் முதல் ஒப்புதல் கிடைத்தது.

எங்கெங்கே என்ன மாற்றம் நடக்குது?

மூன்று படி, மூன்று நொதி.

முதல் படி ஈரலில். கார்பாக்சிலெஸ்டரேஸ் என்ற நொதி, மூலக்கூறின் வாலாகத் தொங்கும் ஒரு பகுதியை வெட்டி எடுக்கிறது. இரண்டாம் படி ஈரலிலும் நடக்கும், புற்றுக்கட்டியிலும் நடக்கும்: சிட்டிடின் டீஅமினேஸ் அதிலிருந்து ஒரு அமினோ பகுதியைக் கழற்றுகிறது. இப்போது கிடைப்பது, மேலே சொன்ன அதே டாக்ஸிஃப்ளூரிடின். மூன்றாம் படிதான் முக்கியம். தைமிடின் பாஸ்ஃபாரிலேஸ் என்ற நொதி கடைசிச் சர்க்கரைப் பகுதியை நீக்கி 5-எஃப்யூவை வெளியே விடுகிறது. இந்த நொதி பல புற்றுக்கட்டிகளில் பக்கத்து நல்ல திசுவைவிட அதிகமாக இருக்கிறது. பெருங்குடல் புற்றுநோயாளிகளுக்கு அறுவைக்கு முன் சில நாள் இந்த மாத்திரையைக் கொடுத்து, எடுத்த கட்டியை அளந்து பார்த்தபோது, பக்கத்துத் திசுவில் இருந்ததைப் போல ஏறக்குறைய 3 மடங்கு 5-எஃப்யூ கட்டியில் இருந்தது. இது நடுவிலான கணக்கு. ஆளுக்கு ஆள் நிறைய மாறும். "கட்டிக்குள்ள மட்டும்தான் வேலை செய்யும், வேற எங்கயும் போகாது" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். நல்ல திசுவிலும் அந்த நொதி இருக்கத்தான் செய்கிறது.

அதன் பிறகு, உருவான 5-எஃப்யூவில் 80 சதவீதத்துக்கும் மேல் டிபிடி நொதியால் உடைக்கப்படுகிறது. கடைசியில் எஃப்பால் என்ற கழிவாகிச் சிறுநீரில் போகிறது. விழுங்கியதில் சுமார் 95 சதவீதம் ஏதோ ஒரு உருவில் சிறுநீர் வழியாகவே வெளியேறும். கேபசிடபினாகவே மாறாமல் போவது 3 சதவீதம்தான்.

எவ்வளவு நேரத்துல உடம்பை விட்டுப் போயிடும்?

காலை எட்டு மணிக்கு நாலு இட்லி, சாம்பார். எட்டேகாலுக்குச் சாப்பிட்டு முடித்து, எட்டரைக்குள் ஒரு தம்ளர் தண்ணீரோடு மாத்திரைகள் உள்ளே போயின. வெறும் வயிறாக இருந்தால் ஒன்றரை மணி நேரத்தில் ரத்தத்தில் உச்சத்தைத் தொட்டிருக்கும். உணவு இருப்பதால் இன்னும் ஒன்றரை மணி நேரம் தள்ளிப்போகும். ஆக, பதினொன்று, பதினொன்றரை வாக்கில் உச்சம். அதன் பிறகு இறக்கம் வேகமானது. சுமார் 45 நிமிடத்துக்கு ஒருமுறை ரத்தத்தில் இருப்பது பாதியாகும். மாலை ஐந்து மணிக்குச் சோதித்தால் ரத்தத்தில் பெரிதாக ஒன்றும் மிஞ்சியிருக்காது.

அதனால்தான் ஒரு நாளைக்கு இரண்டு வேளை. ஆனால் ரத்தத்தில் இல்லை என்பதால் வேலையும் முடிந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். செல்லுக்குள் தைமின் செய்யும் நொதியோடு ஒட்டியது உடனே விடாது. இரண்டு வாரம் தொடர்ந்து அடி விழுந்த பிறகு வாய், குடல், எலும்பு மஜ்ஜை மூன்றும் தேறி எழ ஒரு வாரம் வேண்டும். 14 நாள் மாத்திரை, 7 நாள் ஓய்வு என்ற கணக்கு அதற்குத்தான்.

வெறும் வயித்துல போட்டா நல்லா ஏறும்ங்கறாங்களே?

ஏறும். அதுதான் ஆபத்து. சாப்பிட்டபின் போட்டால் ரத்தத்தில் கேபசிடபினின் உச்சம் 60 சதவீதம் குறைகிறது, மொத்தமாக ஏறுவது 35 சதவீதம் குறைகிறது. இதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள்: வெறும் வயிற்றில் விழுங்கினால் உச்சம் இரண்டரை மடங்கு உயர்கிறது. உங்கள் மருத்துவர் எழுதும் அளவு, சாப்பிட்டு அரை மணிக்குள் மாத்திரை போட்ட நோயாளிகளிடம் சோதித்துப் பார்த்த அளவு. வயிற்றைக் காலியாக வைத்துக்கொண்டு அதே எண்ணிக்கையைப் போடுவது, சொல்லாமல் அளவைக் கூட்டுவதற்குச் சமம்.

சாப்பாடுன்னா எவ்வளவு? கூழ் குடிச்சா போதுமா?

முழுச் சாப்பாடுதான் வேண்டும் என்றில்லை. இரண்டு மூன்று இட்லி, ஒரு கிண்ணம் கஞ்சி, ஒரு சொம்பு கேழ்வரகுக் கூழ், மோர்சாதம், எது இறங்குகிறதோ அது போதும். பிஸ்கட்டும் டீயும் சாப்பாட்டுக் கணக்கில் வராது. ராத்திரி வேளையில் காரமான அத்தோ, மொய்ங்கா போன்ற பர்மா நூடுல்ஸ் வகைகள் வேண்டாம் என்போம். மருந்து ஏறுவதில் அதனால் கோளாறு வராது. வாயும் குடலும் ஏற்கெனவே தோல் உரிந்த மாதிரி இருக்கும் நாட்களில் எண்ணெயும் மிளகாயும் பேதியைக் கிளப்பிவிடும்.

இரைப்பையை எடுத்துவிட்டவர்களுக்கும் இந்த மாத்திரை கொடுக்கப்படுகிறது, உறிஞ்சப்படுவது சிறுகுடலில். அவர்களால் ஒரே மூச்சில் அதிகம் சாப்பிட முடியாது. அன்றைய ஆறு சிறு வேளைகளில் கொஞ்சம் கனமான இரண்டைத் தேர்ந்து, அவற்றின் பின்னால் மாத்திரையை வைத்துக்கொள்ளலாம்.

ஹார்பர்ல நைட் ஷிஃப்ட். எட்டு மணிக் கணக்கு எனக்கு ஒத்து வராது.

எட்டு மணி என்பது வசதிக்காகச் சொல்வது. இரண்டு வேளைக்கு நடுவே சுமார் 12 மணி நேரம் இடைவெளியும், ஒவ்வொரு வேளைக்கும் முன்னால் சாப்பாடும் இருந்தால் போதும். விடியற்காலை மூன்று மணிக்குக் கடலுக்குக் கிளம்புகிறவர் இரண்டரைக்குக் கஞ்சி குடித்துவிட்டு ஒரு வேளை, பகல் இரண்டரைக்கு அடுத்த வேளை என்று வைத்துக்கொள்ளலாம். அந்த நேரங்களை மருத்துவரிடம் சொல்லிச் சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். வாரத்துக்கு ஒரு ஷிஃப்ட் மாறும் வேலையாக இருந்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். ஒரு வேளையை ஆறு மணி நேரத்திலேயே போட்டு அடுத்ததைப் பதினெட்டு மணி நேரம் தள்ளுவதுதான் கூடாது.

ஒரு வேளை மறந்துட்டேன். வாந்தி வந்துடுச்சு. திரும்பப் போடணுமா?

இரண்டுக்கும் ஒரே பதில்: வேண்டாம். விட்டதை விட்டுவிட்டு அடுத்த வேளையில் வழக்கமான எண்ணிக்கையைப் போடுங்கள். வாந்தியில் எவ்வளவு வெளியே போனது, எவ்வளவு உள்ளே தங்கியது என்று யாராலும் சொல்ல முடியாது. திரும்பப் போட்டால் இரட்டிப்பு ஆகலாம். பேதிக்காக மருத்துவர் நடுவில் நான்கு நாள் நிறுத்தச் சொன்னால் அந்த நான்கு நாளையும் பின்னால் ஈடுகட்டக் கூடாது. நிறைய பேர் "கோர்ஸ் முழுசா முடியணும்" என்று மிச்ச மாத்திரையை ஓய்வு வாரத்தில் போட்டுவிடுகிறார்கள். ஆன்டிபயாடிக்குக்குச் சொல்லும் அறிவுரையை இங்கே கொண்டுவரக் கூடாது. மிஞ்சியது மிஞ்சியதாகவே இருக்கட்டும். ஸ்ட்ரிப்போடு அடுத்த விசிட்டுக்கு எடுத்துப் போய்க் காட்டுங்கள்.

பக்கத்து வீட்டு அக்காவுக்கு மூணு, எனக்கு நாலு. ஏன்?

அளவு உடம்பின் மேற்பரப்பைப் பொறுத்தது. உயரத்தையும் எடையையும் பெருக்கி, 3600-ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுத்தால் சதுர மீட்டரில் விடை வரும். 160 செ.மீ. உயரம், 56 கிலோ எடை என்றால் 1.58. மாத்திரை தனியாகக் கொடுக்கப்படும்போது வேளைக்குச் சதுர மீட்டருக்கு 1250 மி.கி. என்பது வழக்கமான அளவு: 1975 மி.கி., அதாவது 500 மி.கி. மாத்திரை நான்கு. ஆக்சாலிபிளாட்டின் என்ற இன்னொரு புற்றுநோய் மருந்தின் ட்ரிப்ஸோடு சேர்த்தால் 1000 மி.கி. என்று குறைப்பார்கள், அதே ஆளுக்கு அப்போது மூன்று. எடை குறைந்தால் கணக்கு மாறும் என்பதால் ஒவ்வொரு சுற்றுக்கும் எடை பார்க்கிறார்கள். செருப்பு, பர்ஸ், போன் எல்லாவற்றையும் வைத்துவிட்டு ஏறி நில்லுங்கள்.

150, 500 என்று இரண்டு அளவில் மாத்திரை வரும். இரண்டும் கலந்து எழுதியிருந்தால் ஸ்ட்ரிப்பைப் பிரித்துப் பார்த்து எண்ணுங்கள். 150-க்குப் பதில் 500 போட்டுக்கொண்டால் தினமும் அதிக அளவுதான் உள்ளே போகும்.

பெரிசா இருக்கு, முழுங்க முடியல. உடைச்சுப் போடலாமா?

வீட்டில் உடைக்காதீர்கள், பொடிக்காதீர்கள். பொடி காற்றில் பறக்கும். உடைக்கிறவர் அதைச் சுவாசிப்பார். கர்ப்பமாக இருக்கும் மருமகளோ குழந்தைக்குப் பால் கொடுக்கும் மகளோ பக்கத்தில் இருந்தால் அது நல்லதல்ல. மாத்திரையை எடுத்துக் கொடுப்பவர் கையுறை போட்டுக்கொள்ளலாம். இல்லையென்றால் ஸ்ட்ரிப்பிலிருந்து நேரே நோயாளியின் கையிலோ சின்னக் கிண்ணத்திலோ அழுத்தி விழச்செய்து, பிறகு கைகழுவிக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றாக, தலையைக் கொஞ்சம் முன்னால் சாய்த்து விழுங்கிப் பாருங்கள். அப்படியும் இறங்காவிட்டால் மருத்துவரிடம் சொல்லுங்கள், வேறு வழி இருக்கிறது.

டிபிடி டெஸ்ட் எடுக்கச் சொன்னாங்க. அவசியமா?

அவசியம் என்பதுதான் எங்கள் எண்ணம். 5-எஃப்யூவை உடைக்கும் டிபிடி நொதி சிலருக்குப் பிறவியிலேயே குறைவு. மிக அரிதாகச் சிலருக்கு அறவே இல்லை. அவர்களுக்குச் சாதாரண அளவே விஷம். மேலே சொன்ன 80 சதவீதமும் உடையாமல் உடம்பிலேயே சுற்றும். 2020-இல் ஐரோப்பிய மருந்து முகமை, சிகிச்சை தொடங்கும் முன் இந்தச் சோதனையைச் செய்யப் பரிந்துரைத்தது.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. மரபணுச் சோதனையில் வழக்கமாகத் தேடுவது ஐரோப்பியரிடம் கண்டறியப்பட்ட 4 மாற்றங்களை. நம் மக்களிடம் வேறு மாற்றங்கள் இருக்கலாம். ஆகவே ரிப்போர்ட் "நார்மல்" என்று வந்தாலும் முதல் சுற்றில் கண்ணைத் திறந்து வைத்திருக்க வேண்டும். ரத்தத்தில் யுராசில் அளவைப் பார்க்கும் இன்னொரு சோதனையும் உண்டு.

அடையாளம் இது: மாத்திரை தொடங்கிய முதல் சில நாட்களிலேயே வாய் முழுக்கப் புண், நிற்காத பேதி, காய்ச்சல். வழக்கமான பக்கவிளைவு இவ்வளவு சீக்கிரம், இவ்வளவு கடுமையாக வருவதில்லை. மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். யூரிடின் ட்ரையசிடேட் என்ற மாற்று மருந்து ஒன்று உண்டு. கடைசி வேளை போட்ட 96 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், எல்லா இடத்திலும் கையிருப்பில் இருப்பதில்லை. "நாளைக்கு ஓபியில காட்டிக்கலாம்" என்று தள்ளிப்போட இங்கே இடமில்லை.

கிரியேட்டினின் நார்மல்தான். ஆனா அளவைக் குறைச்சிட்டாங்க. ஏன்?

நல்ல மருத்துவர் என்று சொல்லுங்கள். சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவுதான் கிரியேட்டினின். ரத்தத்தில் அது 1.2 என்பதைப் பல லேப் ரிப்போர்ட்டுகள் நார்மல் என்றே அச்சடிக்கும். ஆனால் 70 வயது, 50 கிலோ எடையுள்ள ஆணுக்கு அதைச் சிறுநீரகம் ரத்தத்தைச் சுத்திகரிக்கும் வேகமாக மாற்றிக் கணக்கிடுங்கள்: 140-இலிருந்து வயதைக் கழித்தால் 70, அதை எடையால் பெருக்கினால் 3500, 72-ஐ 1.2-ஆல் பெருக்கினால் 86.4, வகுத்தால் நிமிடத்துக்கு சுமார் 40 மி.லி. அதே எண்கள் பெண்ணுக்கு என்றால் 0.85-ஆல் பெருக்க வேண்டும், 34. இந்த வேகம் 30-க்கும் 50-க்கும் நடுவே இருந்தால் முக்கால் அளவுதான் தர வேண்டும். 30-க்குக் கீழே போனால் இந்த மாத்திரையே கூடாது.

5-எஃப்யூவை உடைப்பது ஈரல்தானே, சிறுநீரகம் எங்கே வந்தது என்று தோன்றும். இடைப்பொருட்களும் கழிவும் வெளியேறும் வாசல் சிறுநீரகம். நடுத்தரமான சிறுநீரகக் குறைவில், 5-எஃப்யூவாக மாறக் காத்திருக்கும் டாக்ஸிஃப்ளூரிடின் 42 சதவீதம் கூடுதலாக உடம்பில் தங்குகிறது. கடுமையான குறைவில் 71 சதவீதம். மூலப்பொருள் தேங்கினால் மருந்தும் கூடும்.

இங்கே வெயிலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மே மாதம், ஆஸ்பெஸ்டாஸ் கூரை, இரண்டு நாள் பேதி: முதல் நாள் 55 இருந்த வேகம் மூன்றாம் நாள் 40-க்கு இறங்கிவிடலாம். போன வாரம் சரியாக இருந்த அளவு இந்த வாரம் அதிகமாகிவிடும். பேதி வந்தால் மாத்திரையை நிறுத்தச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஈரலுக்குப் பரவியிருக்கு. அங்கதானே மாறணும், அப்போ வேலை செய்யுமா?

செய்யும். ஈரலில் பரவியதால் மிதமான பாதிப்பு உள்ளவர்களிடம் பார்த்தபோது கேபசிடபின் அளவு 60 சதவீதம் கூடியது, ஆனால் 5-எஃப்யூ அளவு மாறவில்லை. அதற்காக முன்கூட்டியே அளவைக் குறைப்பதில்லை. மஞ்சள் காமாலையைக் காட்டும் பிலிருபின் ஏறுகிறதா என்று பார்த்துக்கொள்வார்கள்.

வேற என்னென்ன மாத்திரையோட சேரக் கூடாது?

வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரையையும், சித்த மருந்துப் பொடி உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். அதில் இவை இருந்தால் எடுத்ததும் சொல்லுங்கள்.

ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் அல்லது அசிட்ராம். வால்வு ஆபரேஷன் செய்தவர்கள் போடுவது. இந்த மருந்துகளை உடைக்கும் ஈரல் நொதியைக் கேபசிடபின் மந்தமாக்குகிறது. வார்ஃபரினோடு சேர்த்துச் சோதித்தபோது அதன் வீரியமுள்ள பாதி 57 சதவீதம் கூடியது, ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் அளவின் உச்சம் 91 சதவீதம் ஏறியது. ரத்தக்கசிவு சில நாட்களிலும் வரலாம், மாதக்கணக்கில் கழித்தும் வரலாம், மாத்திரையை நிறுத்திய ஒரு மாதத்துக்குள்ளும் வரலாம். மாதம் ஒருமுறை பார்த்த ஐஎன்ஆரை அடிக்கடி பார்க்க வேண்டும்.

வலிப்புக்கு எப்டாயின், அதாவது ஃபெனிடாயின். அதே நொதி, அதே கதை. நடை தள்ளாடினால், கண் ஆடினால் ஃபெனிடாயின் அளவு பார்க்கச் சொல்லுங்கள்.

ஃபோலிக் ஆசிட். பலர் கவனிக்காமல் விடுவது இதைத்தான். 5-எஃப்யூ தன் நொதியோடு ஒட்டும் இடத்தில் ஃபோலேட்டும் சேர்ந்தால் பிடி இறுகும். வீரியம் கூடும், பேதியும் கூடும். ஃபோலேட்டின் இன்னொரு வடிவமான ஃபோலினிக் ஆசிட்டோடு சேர்த்தபோது, தாங்கக்கூடிய தினசரி அளவு சதுர மீட்டருக்கு 3000 மி.கி.யிலிருந்து 2000-க்கு இறங்கியது. "உடம்பு தேறட்டும்" என்று சொந்தக்காரர் வாங்கித் தரும் இரும்புச்சத்து மாத்திரையிலும் மல்டிவைட்டமினிலும் ஃபோலிக் ஆசிட் இருக்கும். அட்டையைத் திருப்பிப் படியுங்கள். கீரை, பருப்பு சாப்பிடுவதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

யூரிக் ஆசிட்டுக்கு சைலோரிக், அதாவது அல்லோபியூரினால். இது எதிர்த்திசையில் இழுக்கும்: 5-எஃப்யூ வேலை செய்வது குறையலாம்.

ஜெலுசில், டைஜீன் போன்றவற்றால் முக்கியமான மாற்றங்கள் பாதிக்கப்படுவதில்லை. பான்டோபிரசோல் போன்ற கேஸ் மாத்திரை பற்றிச் சில ஆய்வுகள் ஐயத்தைக் கிளப்பின, வேறு சில அதை மறுத்தன. தேவை இருந்து மருத்துவர் எழுதியிருந்தால் போடுங்கள். பழக்கத்துக்காகத் தினமும் காலையில் ஒன்று போடுவதை நிறுத்தலாமா என்று அவரிடமே கேளுங்கள்.

உள்ளங்கை சிவந்து எரியுது. மீன் வெட்டற வேலை. என்ன செய்யறது?

இந்த மாத்திரையின் அடையாளமே இதுதான். முதலில் உள்ளங்கையும் பாதமும் மரத்தாற்போல, ஊசி குத்துவதுபோல இருக்கும். பிறகு சிவந்து வீங்கும். அரிவாள்மணையின் முன்னால் உட்கார்ந்து, ஐஸ் தண்ணீரிலும் உப்பிலும் நாள் முழுக்கக் கை நனைந்தால், தோல் சவ்வு மாதிரி உரிந்து, விரல் மடிப்புகளில் வெடிக்கும். வஞ்சிரத்தின் செதிலைத் தேய்க்கும்போது அழுத்தம் விழும் இடம் கட்டைவிரல் அடி. முதல் வெடிப்பும் அங்கேதான் வரும். அந்த இடத்தைத் தினமும் வெளிச்சத்தில் பாருங்கள்.

உள்ளே பருத்திக் கையுறை, வெளியே ரப்பர் கையுறை. காலையும் இரவும் யூரியா கலந்த க்ரீமோ வாசலினோ தடவுங்கள். சூடான தண்ணீர், வலித் தைலம், இறுக்கமான செருப்பு, வெறுங்காலோடு சூடான தரை எல்லாம் வேண்டாம். டெல்லி எய்ம்ஸில் 264 பேரிடம் நடந்த ஆய்வு 2024-இல் வெளியானது. தினம் இருவேளை 1 சதவீத டைக்ளோஃபெனாக் ஜெல் கையில் தடவியவர்களில் 3.8 சதவீதத்தினருக்கு மட்டுமே தொல்லை தரும் அளவுக்கு வந்தது. வெறும் ஜெல் தடவியவர்களில் 15 சதவீதத்தினருக்கு வந்தது. தெருமுனை மெடிக்கலில் கிடைக்கும் ஜெல்தான். உங்களுக்கு ஏற்றதா என்று கேட்டுத் தொடங்குங்கள், வெடித்த தோலில் தடவாதீர்கள்.

வலியால் சட்டைப் பொத்தான் போட முடியவில்லை, செருப்பு மாட்ட முடியவில்லை என்றால் மாத்திரையை நிறுத்திவிட்டு அழையுங்கள். பல்லைக் கடித்துத் தாங்கிக்கொண்டு தொடர்வது வீரமல்ல; இரண்டு நாள் முன்னால் நிறுத்தியவர் சில நாளில் தேறுவார், இழுத்தவர் மூன்று வாரம் படுப்பார்.

இன்னொன்று. நாள்பட்டால் கைரேகை அழிந்துபோகும். ரேஷன் கடை மிஷின் விரலை ஏற்காது, பென்ஷனுக்கான உயிர்வாழ் சான்றும் சிக்கும். கருவிழிப் பதிவு வசதி இருக்கிறதா என்று கேளுங்கள். சிகிச்சை விவரம் எழுதிய மருத்துவமனைச் சீட்டின் நகல் ஒன்றைக் கையில் வைத்திருங்கள்.

எப்போ நானே நிறுத்தணும்?

வழக்கத்தைவிட நாளைக்கு 4 தடவையோ அதற்கு மேலோ கூடுதலாகப் பேதி, அல்லது தூக்கத்திலிருந்து எழுப்பும் பேதி. 24 மணி நேரத்தில் ஒரு தடவைக்கு மேல் வாந்தி. சோறு இறங்காத வாய்ப்புண். 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் காய்ச்சல். இவற்றில் எது வந்தாலும் அடுத்த வேளையைப் போடாமல் அழைத்துக் கேளுங்கள். ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் ஒரு பெரிய ஓஆர்எஸ் பாக்கெட் முழுவதையும் கலந்து குடிக்கத் தொடங்குங்கள்.

நெஞ்சை அழுத்தும் வலி வந்தால் 108. இந்த மருந்து இதய ரத்தக்குழாயைத் திடீரென்று சுருங்க வைக்கக்கூடும், இளவயதினருக்கும் வரும். ஸ்டான்லி போன்ற பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவில் "கேபசிடபின் போடுகிறேன்" என்பதுதான் உங்கள் வாயிலிருந்து வரும் முதல் வார்த்தையாக இருக்க வேண்டும்.

எல்லாக் கேன்சர் மாத்திரைக்கும் இதே விதியா?

இல்லவே இல்லை. அண்ணனுக்குச் சொன்னதைத் தம்பி பின்பற்றினால் விபரீதம். ரத்தப் புற்றுநோய்க்கான இமாடினிப் சாப்பாட்டோடு, பெரிய தம்ளர் தண்ணீரோடு. அது 98 சதவீதம் அப்படியே ஏறும், பாதியாகக் குறையவே 18 மணி நேரம் எடுக்கும், அதனால் தினம் ஒரு வேளை போதும். புராஸ்டேட்டுக்கான அபிராடெரோன் வெறும் வயிற்றில் மட்டும்: கொழுப்பான சாப்பாட்டோடு போட்டால் 10 மடங்கு ஏறிவிடும். குழந்தைகளுக்கான மெர்காப்டோபியூரினோடு அல்லோபியூரினால் சேர்ந்தால் அளவை மூன்றில் ஒரு பங்காகவோ கால் பங்காகவோ குறைக்க வேண்டும்.

காசநோய் மருந்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். ரிஃபாம்பிசின் ஈரல் நொதிகளைக் கிளப்பிவிட்டு இமாடினிப்பை 74 சதவீதம் குறைத்துவிடும். போட்ட மாத்திரையில் கால் பங்குதான் கணக்கில் வரும். கேபசிடபினை மாற்றுவது வேறு நொதிகள் என்பதால் அந்தச் சிக்கல் இதில் இல்லை. ஆனாலும் டிபி மருந்து போடுகிறவர் இரண்டு மருத்துவரிடமும் இரண்டு நோயையும் சொல்ல வேண்டும்.

மாத்திரையை எங்க வைக்கிறது? மிச்சத்தை என்ன பண்றது?

30 டிகிரிக்குள், ஈரம் படாமல். அடுப்பு மேல் பலகை வேண்டாம், ஷீட் கூரைக்கு நேர் கீழே உள்ள பரண் வேண்டாம், டிவி மேல் வேண்டாம். தரைக்குப் பக்கத்தில் இருக்கும் பீரோவின் கீழ்த்தட்டு, குழந்தை கை எட்டாதபடி பூட்டி. ஃப்ரிட்ஜ் தேவையில்லை; திறந்து மூடும்போது ஸ்ட்ரிப்பின் மேல் வியர்க்கும் தண்ணீர் உறையைக் கெடுக்கும். ஸ்ட்ரிப்பிலிருந்து பிரித்து வாரக் கணக்குக்கு டப்பாவில் அடுக்கி வைப்பதும் வேண்டாம். சுவரில் தொங்கும் காலண்டரில் போட்ட நாளுக்கு ஒரு கோடு, ஓய்வு நாளுக்கு வட்டம் போட்டு வந்தால் எண்ணிக்கை தப்பாது. மிஞ்சியதைச் சாக்கடையிலோ குப்பை வண்டியிலோ போடாதீர்கள். வாங்கிய மருத்துவமனை மருந்தகத்திலேயே திருப்பிக் கொடுங்கள். அதே நோய்தானே என்று தெருவில் இன்னொருவருக்கும் கொடுக்காதீர்கள்: அவருடைய சிறுநீரகம் வேறு, டிபிடி வேறு, எடை வேறு.